நீலப் பெட்டியும் மைக் செட் பாயும்

செந்தில்,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. நாளைக்குப் பெங்களூர் வருகிற உன் பேரிகைச் சித்தப்பாவிடம் அப்படியே மடித்துக் கொடுத்தனுப்புகிறேன். பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் அவர் பிரித்துப் படித்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். படிக்கட்டும். நீ படித்து முடித்ததும் பெண்வீட்டாரிடமும் கொடு, முக்கியமாகப் பெண்ணின் தாய்மாமாவிடம் கொடு. மகன் கல்யாணத்துக்கு முன்னால் தாய் எழுதுகிற கடிதம் என்றால் கண்ணீரும் ஆசீர்வாதமும் நாலு மன்னிப்பும் இருக்க வேண்டும் என்பார்கள். ஆசீர்வாதம் இருக்கிறது, அதில் குறை வைக்க மாட்டேன். மன்னிப்பைத் தேடாதே, கிடைக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை பத்திரிகைக் கட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு என்னிடம் இரண்டு காரியம் கேட்டாய். ஒன்று, ஹாலில் இருக்கிற அலமாரியைக் காலி செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை பெண்வீட்டார் மறுபடி வருகிறார்கள், அதற்குள் அந்தப் பழைய பெட்டிகளை யாரிடமாவது தள்ளிவிட்டால் நல்லதாக ஒரு ஷோகேஸ் வைக்கலாம் என்றாய். இரண்டாவது காரியத்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல உனக்கு முடியவில்லை, மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாய். "கலீல் பாய்க்குப் பத்திரிக வேணாம்மா. மைக் செட் வேணும்னா அவருக்கே குடுத்துடலாம். அவருக்கும் ஒரு வரும்படி ஆச்சு." ஏன் என்று கேட்டேன். "ஊர்ல ஒரு மாதிரி பேசறாங்கம்மா. பொண்ணோட மாமா காது வரைக்கும் போயிட்டுது" என்றாய். நான் எழுந்து காபி கலக்கப் போய்விட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டாய். கோபம் வந்தால் நான் காபி கலக்கத்தான் போவேன் என்பது இத்தனை வருஷத்தில் உனக்குத் தெரியாமல் போனது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

முதல் காரியத்திலிருந்து வருகிறேன். அந்த அலமாரியில் இருப்பது என்னவென்று பெண்வீட்டாருக்குத் தெரியாது, அதனால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் கெட்டி அட்டைப் பெட்டி. திறந்தால் உள்ளே ஐந்தாறு பெரிய இசைத்தட்டுகளும் ஒரு சிறு புத்தகமும் இருக்கும். எல்லாம் ஐரோப்பியச் செவ்விசை, சிம்பொனி என்று சொல்வார்களே, அது. எழுதினவர், வாசித்தவர், நடத்தினவர் பெயரையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் உன் சித்தப்பா வாயில் நுழையாது. எங்களுக்கே நுழையாமல்தான் நிறத்தை வைத்துக் கூப்பிட ஆரம்பித்தோம்: நீலப் பெட்டி, காவிப் பெட்டி, சாம்பல் பெட்டி. நீலமும் காவியும் ஒரே மனுஷன் எழுதின அதே சிம்பொனிகள்தான். வாசித்த குழு வேறு, பதிவு செய்த ஊர் வேறு, தட்டு அச்சடித்த கம்பெனி வேறு. ஒரே பாட்டை எதற்கு இரண்டு தடவை வாங்கினாய் என்று நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கேட்டாய். ஒரே சாம்பாரை எதற்குத் தினமும் கேட்கிறாய் என்று நான் திருப்பிக் கேட்டேன். அன்றைக்கு நீ சிரித்தாய்.

நீலப் பெட்டி வந்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ பிறப்பதற்கு முன்னால், எழுபதுகளில், ஜூஜுவாடிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்த சமயம். கிருஷ்ணகிரியிலிருந்து வேலைக்கு வந்த பெண்கள் நாங்கள் கொஞ்சம் பேர்தான். எனக்கு மோட்டார்களைக் கடைசியாகச் சோதித்து அனுப்பும் பிரிவில் வேலை. மோட்டார் ஓடும்போது ஸ்க்ரூடிரைவர் நுனியை பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்க வேண்டும். சுத்தமாக ஓடுகிறதா, உள்ளே எங்காவது உரசுகிறதா என்று தெரிந்துவிடும். எங்களுக்கு இயந்திரம் பழக்கிக் கொடுக்க வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களைக் கேன்டீனில் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் ஷிஃப்ட் முடித்து வருவதற்குள் குக்கர், டேபிள் ஃபேன், நாற்காலி, திரைச்சீலை வரைக்கும் போய்விட்டது. மிச்சம் இருந்தது அந்த நீலப் பெட்டி ஒன்றுதான். வெறுங்கையோடு போக ரோஷம் இடம் கொடுக்கவில்லை, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றும் கிடையாது. உன் அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "துணி வெக்க நல்லா இருக்கும்" என்றார்.

அவர்தான் என்னை கலீல் பாய் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓசூர் கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டு, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுகிற கடை. முன்னால் கடை, திரைக்குப் பின்னால் அவரும் ஜமீலா அக்காவும் குடியிருந்த வீடு. ஏதோ கோயில் திருவிழாவுக்குக் கட்டிவிட்டு அன்றைக்குத்தான் கழற்றிக்கொண்டு வந்த குழாய் ஸ்பீக்கர், சரியாக இருக்கிறதா பார்ப்பதற்காகத் தெருவைப் பார்த்தபடி ஆம்ப்ளிஃபயரோடு இணைத்திருந்தது. பாய் அதை மறந்துவிட்டு எங்கள் தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார். எங்கள் நேரம், முள் போய் உட்கார்ந்தது ஒரு துக்கமான, மெதுவான பகுதியில். அத்தனை வயலினும் சேர்ந்து குழாய் வழியாகக் கடைவீதி முழுக்க அழ ஆரம்பித்தன. துணிக்கடைக்காரர் வெளியே வந்து செருப்பைத் தேடினார். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "ஏமி பாய், எவரு சச்சிப்போயினாரு?" என்று தெலுங்கில் சாவு விசாரித்தாள். "எவரூ லேதும்மா, ஊரிகே டெஸ்டிங்", யாரும் சாகவில்லை, சும்மா சோதனை என்று பாய் சொல்லிக்கொண்டே ஒயரைப் பிடுங்கினார். ஆனால் முள்ளைத் தூக்கவில்லை. சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் மாட்டினார், மூன்று பேரும் அந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் நின்றபடியே கேட்டோம். முடிந்ததும் பாய் தட்டைத் துணியால் துடைத்து உறையில் போட்டார். "தங்கச்சி, இது என்னான்னு எனக்குத் தெரியல. வார ஞாயித்துக்கெழம இன்னொரு தட்டு எடுத்துட்டு வாங்க" என்றார்.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உன் அப்பாவும் நானும், நீ பிறந்தபின் உன்னையும் தூக்கிக்கொண்டு போவோம். காவிப் பெட்டி பெங்களூரில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. பங்களா காலி செய்த யாரோ போட்டுவிட்டுப் போனது. "தகொள்ளி அம்மா, யாரூ கேளல்ல இதன்ன" என்றான் கடைக்காரன், யாரும் இதைக் கேட்பதே இல்லையாம், அவனுக்கு இடம் காலியானால் போதும். இரண்டு பெட்டி ஆனதும் எது நன்றாக இருக்கிறது என்கிற சண்டை வந்துவிட்டது. சண்டை என்றால் எங்களுக்கு முறை உண்டு. ஒருவர் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். இன்னொருவர் இரண்டு பெட்டியிலிருந்தும் அதே இடத்தை அடுத்தடுத்துப் போட வேண்டும். எது எந்தப் பெட்டி என்று சொல்லக் கூடாது. சுவரைப் பார்த்தவர் முதலாவதா இரண்டாவதா என்று மட்டும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் இரண்டு மாதிரியைப் பெயர் மறைத்துச் சோதிக்கும் பழக்கத்தை நான்தான் அங்கே கொண்டு போனேன். உன் அப்பாவின் முறை வரும்போது சுவரோடு தலை சாய்ந்து தூங்கிவிடுவார். எழுப்பினால், "ரெண்டுமே சூப்பர்" என்பார்.

ரொம்ப காலம் காவிப் பெட்டிதான் ஜெயித்துக்கொண்டிருந்தது. பாயும் நானும் போட்டி போட்டு அதைப் புகழ்ந்தோம், என்ன கம்பீரம், என்ன நிறைவு என்று. நீலப் பெட்டியைத் திறக்கவே மறந்துவிட்டோம். ஒருநாள் திரைக்குப் பின்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜமீலா அக்கா அங்கிருந்தபடியே சொன்னாள்: "ரெண்டாவது நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னு குதிக்கிறீங்களே. நல்லா ஒண்ணும் இல்ல. சத்தமா இருக்குது, அவ்ளோதான்." சத்தத்தை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற மனுஷனும், சத்தத்தைக் காதால் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாய் மீட்டரை எடுத்து ஸ்பீக்கர் ஒயரில் வைத்துப் பார்த்தார். உண்மைதான். காவித் தட்டை அச்சடித்தவன் கூடுதல் சத்தத்தோடு அச்சடித்திருந்தான், நாங்கள் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் குமிழைத் தொடாமலே அது ஓங்கி ஒலித்தது. பாய் இரண்டும் ஒரே அளவு வருகிற இடங்களைக் கண்டுபிடித்து, வெற்றிலைச் சுண்ணாம்பால் குமிழைச் சுற்றிப் பொட்டு வைத்தார். மறுபடி கேட்டோம். நீலப் பெட்டியில் பெரிய வயலினின் கம்பியை விரலால் மீட்டினால் விரல் கம்பியை விட்டு எழும்புவது வரைக்கும் கேட்டது. காவியில் எல்லாம் சேர்ந்து ஒரே குவியல். இத்தனை நாள் ஏமாந்ததில் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் முதலில் சத்தத்தைச் சமமாக்கு, அப்புறம் தீர்ப்புச் சொல் என்பதை எனக்கு விதியாக வைத்துக்கொண்டேன். உனக்கும் இதைத்தான் சொல்வேன். ஆபீஸில் மேசை தட்டிப் பேசுகிறவனையும், பந்தலில் நடுவில் நின்று பேசுகிற மாமாவையும் கேட்கும்போது குமிழை மனசுக்குள் கொஞ்சம் இறக்கி வைத்துக் கேள்.

நம் சனம் எங்களைச் சும்மா விட்டதா என்ன. பேரிகையிலிருந்து வந்த உன் பெரியப்பா ஒருநாள் பாய் கடையில் ஒரு தட்டைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, சம்பாரிக்கறவ நல்லதா நாலு சாமி பாட்டு வாங்கி வெக்கக் கூடாதா? இது எதுக்கு, பேய் ஓட்டவா?" என்றார். உழவு வேலை பார்க்கிற வீட்டுப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று வாய்விட்டே கேட்டவர்கள் உண்டு. பாயை அவருடைய சனம் வேறு விதமாகக் கேட்டது. எங்களுக்கு அது பிடித்துப் போனதற்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். அந்தப் பாட்டு எங்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் சொந்தமில்லை. நீ கேட்கலாம், நீ கேட்கக் கூடாது என்று வாசலில் நின்று சொல்ல ஓசூரில் அதற்குக் காவல்காரன் கிடையாது. அந்தக் கடைக்குள் உட்கார்ந்திருக்கும்போது நான் இன்னார் மருமகள், இன்ன சாதி, இன்ன சம்பளம் என்பது எதுவும் எனக்கு ஞாபகம் வராது. அந்தச் சுகத்தை எனக்கு வேறு எந்த இடமும் தரவில்லை, நம் வீடு உட்பட. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்பா தவறிப்போன வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு வருஷத்துக்கு வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது, நல்ல நாளில் தெருவில் எதிரே வரக் கூடாது, அது கூடாது இது கூடாது என்று ஆளாளுக்குச் சட்டம் போட்டார்கள். சரி, வீட்டில்தானே கூடாது என்று, காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைவீதிக்கு நடந்தேன். உன் சித்தி வாசல் வரைக்கும் வந்து தடுத்தாள். ஜமீலா அக்கா என்னைப் பார்த்ததும் ஸ்டூலை எடுத்துப் போட்டாள். பாய் என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, முதல் நாள் தெருவே சாவு விசாரித்த அந்தப் பகுதியைப் போட்டார். வயலின்கள் அடங்குகிற ஒரு இடம் இருக்கிறது. வழக்கமாக அந்த இடத்தில்தான் உன் அப்பாவின் குறட்டை கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. அங்கேதான் நான் முதன்முதலாக அழுதேன், வாய்விட்டு அழுதேன். பிணத்தின் முன்னால் அழாதவள் பாய் கடையில் உட்கார்ந்து அழுதாள் என்று ஊர் பேசியது. ஆமாம், அழுதேன். என் புருஷனுக்கு நான் எங்கே அழுவது என்பதை ஊரைக் கேட்டு முடிவு செய்ய முடியாது.

நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, அந்தப் பளபளக்கிற சிடி பிளேயரையும் அதே சிம்பொனிகள் அடங்கிய சிடி பெட்டியையும் வாங்கி வந்தாயே, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இத்தனை காலம் கூட இருந்து எனக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருக்கிறானே என்று தெருவெல்லாம் சொன்னேன். பிளாஸ்டிக் தாளைப் பிரிக்கும்போதே, "இனிமே அந்தக் குப்பையத் தூக்கிப் போட்டுரலாம்மா" என்றாய். அதில் பாதிச் சந்தோஷம் போய்விட்டது. இருந்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைப் பாய் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். மீட்டர் வைத்து, சத்தத்தைச் சமமாக்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, நீலப் பெட்டியோடு மோதவிட்டோம். உன் சிடிதான் ஜெயித்தது. மூன்று பேரும் அதைத்தான் சொன்னோம். மெல்லிய இடங்களில் ஒரு கரகரப்பு இல்லை, உரத்த இடங்களில் ஒரு கலங்கல் இல்லை. பழசுதான் உசத்தி என்று நான் சொல்வேன் என்று நீ எதிர்பார்த்திருந்தால் ஏமாந்தாய். என் காது பொய் சொல்லாது, என் வாயும் சொல்லாது. ஆனால் எது நன்றாகக் கேட்கிறது என்பது வேறு கேள்வி, என் அலமாரியில் எது இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. நல்லது ஒன்று வந்ததும் இருப்பதைத் தள்ளிவிட வேண்டும் என்றால், தோற்ற பிறகும் காவிப் பெட்டியை நான் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெட்டிகள் அங்கேயேதான் இருக்கும். ஷோகேஸை உன் வீட்டில் வைத்துக்கொள்.

இரண்டாவது காரியம். "ஒரு மாதிரி பேசறாங்க" என்றாய். அந்த ஒரு மாதிரி என்ன மாதிரி என்று உன்னால் வாய் திறந்து சொல்ல முடியவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். புருஷன் இல்லாதவள் ஒரு துலுக்கர் கடையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் என்ன செய்கிறாள் என்று பேசுகிறார்கள். பாட்டுக் கேட்கிறாள். அவர் பெண்டாட்டி போட்டுக் கொடுக்கிற டீயைக் குடிக்கிறாள். சில நாள் வாய்ச்சண்டை போடுகிறாள். பெண்ணின் மாமாவுக்கு இதைவிடப் பெரிய செய்தி வேண்டுமானால் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டும். சுவரைப் பார்த்து ஒரு ஸ்டூல் போட்டுத் தருகிறோம். நீ சின்ன வயசில் அந்தத் திரைக்குப் பின்னால் தூங்கினாய், ஜமீலா அக்கா கையால் சாப்பிட்டாய், அதனால் நன்றியோடு கூப்பிடு என்று நான் எழுத மாட்டேன். நன்றிக்காகக் கூப்பிடுவது கூலி கொடுப்பது. அவர்கள் உனக்கு ஒன்றும் செய்திருக்காவிட்டாலும் நான் கூப்பிட்டிருப்பேன். கலீல் பாய் என் சிநேகிதர். ஜமீலா அக்கா என் சிநேகிதி. ஆம்பளைக்குச் சிநேகிதர்கள் இருந்தால் கல்யாணத்தில் தனி வரிசை போடுகிறீர்கள். எனக்கு இருந்தால் ஊர் ஒரு மாதிரி பேசுகிறதா?

நீ சொன்னதில் எனக்கு நெஞ்சில் தைத்த இடம் அதுகூட இல்லை. மைக் செட் வேண்டுமானால் அவருக்கே கொடுக்கலாம் என்றாயே, அதுதான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணம் அவர் கட்டிய குழாயில் பாடித்தான் நடந்திருக்கிறது. ஒரு பந்தலிலும் அவருக்கு நாற்காலி கிடையாது. ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார், எல்லாப் பந்தியும் முடிந்ததும் யாராவது ஞாபகம் வந்து இலை போட்டால் சாப்பிடுவார். அதே இடத்தில் அவரை உன் கல்யாணத்திலும் நிறுத்தி, கையில் காசையும் வைத்து அனுப்ப நினைத்தாய். கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். யோசிக்கவில்லை. படித்த பிள்ளை யோசிக்காமல் இருப்பதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் நல்ல பெண். அவளுக்கும் உனக்குப் புரியாத ஏதாவது ஒரு பிடிப்பு இருக்கும், இல்லாவிட்டால் நாளைக்கு வரும். கோலமோ, கிரிக்கெட்டோ, எங்கோ ஒரு மூலையில் கிடக்கிற தோழியோ, என்னவோ. அதை நீ ரசிக்க வேண்டும் என்று அவசியமில்லை. உன் அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் வயலினுக்கும் நாயனத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் மழை பெய்தாலும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினார். நான் யாரோடு உட்கார்ந்து கேட்கிறேன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு உன்னால் இருக்க முடிந்தால் அவள் உன்னோடு சந்தோஷமாக இருப்பாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நேற்று நான் பத்திரிகை கொடுத்துவிட்டேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் வைத்து, நீ யாருக்கும் எண்ணி ஒதுக்காத ஒரு பத்திரிகையை மேலே வைத்து, கடைவீதி வழியாக நானே தூக்கிக்கொண்டு போனேன். பொட்டில்லாதவள் அழைப்புத் தட்டைத் தூக்கக் கூடாது என்பார்கள் என்று தெரிந்தேதான் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார். "தம்பி கல்யாணமா? எந்த மண்டபம்மா, எத்தன குழாய் வேணும்?" என்று ஆர்டர் எழுத உட்கார்ந்தார். "மைக் செட் வேற எடத்துல சொல்லிக்கறோம் பாய். நீங்களும் அக்காவும் வந்து உக்காரணும்" என்று தட்டை நீட்டினேன். அவர் பேனாவை மூடுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். ஜமீலா அக்கா திரையை விலக்கிக்கொண்டு வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள். "தங்கச்சி, இவருக்கு மண்டபத்துல உக்காரத் தெரியாதே. ஒயரு எங்க ஓடுதுன்னு பாத்துக்கிட்டே நிப்பாரு" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாய் கடைசியில் கேட்டது இதுதான்: "தம்பிக்குத் தெரியுமாம்மா?" தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதைப் படித்து முடிக்கும்போது அது பொய்யாக இருக்காது.

மேடையில் யார் என்பதை முந்தியே முடிவு செய்துவிட்டீர்கள். தாலியறுத்தவள் மணவறையில் ஏறக் கூடாது, தாய் தகப்பன் இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் இருக்கட்டும் என்று பெரியவர்கள் பேசினபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் அந்த ஜமக்காளத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். பெற்று வளர்த்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று உனக்கு விளக்கிச் சொல்ல மாட்டேன். உன் நல்ல நாளில் கலகம் வேண்டாம் என்று அதை விட்டுக்கொடுத்தேன். விட்டுக்கொடுக்க இருந்தது அது ஒன்றுதான், தீர்ந்துவிட்டது. மேலே எனக்கு இடம் இல்லை என்றால் நான் கீழே முதல் வரிசையில் உட்காருவேன். கீழே என் பக்கத்தில் யார் என்பதை நான்தான் சொல்வேன். ஒரு பக்கம் ஜமீலா அக்கா, அவளுக்கு அடுத்தாற்போல் கலீல் பாய். தாலி கட்டினதும் நீங்கள் இருவரும் இறங்கி ஆசீர்வாதம் வாங்க வருவீர்கள். பாய் காலில் விழ விட மாட்டார், எழுந்து கையை நீட்டுவார். அந்தக் கையைப் பிடிக்க உனக்கு முடியாதென்றால், என் காலைத் தொடவும் வராதே.

உன் அம்மா